பெட்டி மேல் எழுதிய எடை

எடைக்காரர் ஒரு பொருளை வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பொருளே பழசாகிவிடும் என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பொய்யில்லை. கோடையில் மின்விசிறி விசாரிக்க ஆரம்பித்தவர், அலசி ஆராய்ந்து தூக்கிக்கொண்டு வந்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூத்த மகளுக்கு என்று பார்த்த சைக்கிள் வீடு வந்து சேர்ந்த நாளில், அவள் முழங்கால் ஹாண்டில்பாரில் இடித்தது. அதைத் தங்கை ஓட்டினாள். ஆனால் அவர் வாங்கிய எதுவும் இதுவரை கெட்டுப்போனதில்லை. அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு மனுஷர் வீட்டையே ஆட்டிப்படைத்தார்.

தொழிலும் அப்படி. கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சரிபார்ப்பார், பழுதானால் பிரித்துச் சரிசெய்வார். பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டி எப்போதும் கூடவே வரும். கற்களைத் துணியால்தான் தொடுவார். வெறும் விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டி எடை கூடிவிடும். தட்டுக்கு அடியில் எவன் எதை ஒட்டிவைத்திருக்கிறான் என்று மோப்பம் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பகலெல்லாம் திருட்டைத் தேடிய கண், வீட்டுக்குள் வந்த பிறகும் மூடியதில்லை. சோப்பு, பருப்பு, பற்பசை எல்லாம் எடை பார்த்த பிறகுதான் சமையலறைக்குப் போகும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டி வந்தது. இனிமேல் எந்தக் கடையில் எந்த மெஷின் பழுது என்பதெல்லாம் மெயிலில்தான் வரும், போகிற வழியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், ஆபீஸ் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேசலாம், அவ்வளவுதான்.

கம்பெனியைவிட அவசரம் மூத்த மகளுக்கு இருந்தது. நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்து, தேர்வும் நன்றாக எழுதியிருந்தாள். இடம் கிடைத்தால் மெயிலில் தகவல் வரும். சொன்ன தேதிக்குள் சம்மதம் என்று பதில் போடாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் இருந்ததோ அப்பாவின் மெயில். பெண்ணுக்குத் தனியாக மெயில் எதற்கு என்று அவர்தான் தன்னுடையதை எழுத வைத்திருந்தார்.

“பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்கப்பா. லைப்ரரில கம்ப்யூட்டர் இருக்கு, ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்.”

“எடைக்கல்லும் பாஸ்வேர்டும் இரவல் குடுக்கற பொருள் இல்லம்மா.”

“அப்ப நீங்களாவது வந்து பாருங்க.”

“ஊரான் கம்ப்யூட்டர்ல நான் தட்டினா, எவனாவது பின்னாடி நின்னு பாப்பான். போன் வரட்டும். பாக்கலாம்.”

“போன் எப்பங்க வரும்?” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். “இவளுக்குப் பேரன் பொறந்தப்புறமா?”

அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். நான் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவன், வெயிலில் எழுத்து தெரியுமா? என் கட்டைவிரல் தடி, தட்டினால் பக்கத்து எழுத்து விழுமா? சார்ஜ் ராத்திரி வரைக்கும் நிற்குமா? கடைசியாக ஒன்று கேட்டார். “என் ரெண்டு கையிலயும் எடைக்கல் இருக்கும். பூட்டைத் திறக்காமலே, வந்த மெயில் மேலேயே தெரியணும். தெரியுமா?”

“தெரியும் சார். பாதி மெயில் அப்படியே படிச்சிடலாம்,” என்று செய்தும் காட்டினாள்.

திருப்தியாகிவிட்டது. மகள் முகத்தில் அப்பாடா என்று ஒரு களை வந்தது. அப்போதுதான் மனுஷர் பையிலிருந்து சின்ன எடை மெஷினை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். காட்சிக்கு வைத்திருந்த போனைத் துணியால் பிடித்துத் தட்டில் கிடத்தினார். பெட்டியில் போட்டிருந்த எடையைவிட மூன்று கிராம் கூடுதலாகக் காட்டியது.

“இது தப்பு.”

“சார், போன யாரும் நிறுத்து வாங்க மாட்டாங்க.”

“பெட்டி மேலயே பொய் எழுதினவன், உள்ள எதை ஒழுங்கா வச்சிருப்பான்?”

“அப்பா, இது தங்கமா? வாங்கிடலாம்ப்பா. மெயில் வந்திருக்கும்ப்பா,” என்றாள் மகள். குரல் கெஞ்சியது. பக்கத்தில் ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“வந்தா எங்க ஓடிப்போகுது? வந்த இடத்துலயேதான் இருக்கும்,” என்று மெஷினைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை கடை ஏறி இறங்கினார் என்று கேட்காதீர்கள். ஒன்றில் எடை சரி, எழுத்து பொடி. இன்னொன்றில் எழுத்து பெரிசு, எடை பொய். மகள் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று அவர் கையைப் பார்ப்பாள். கை வெறுங்கையாக வரும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள்.

கடைசியில் வேறொரு கடையில் அதே போனை, பெட்டி பிரித்த கையோடு எடை போட்டார். பெட்டியில் இருந்த எடையும் மெஷின் காட்டிய எடையும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. விசாரித்தால், முதல் கடையில் காட்சிக்கு வைத்த போனுக்குக் கீறல் விழாமல் முன்னும் பின்னும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். அந்த மூன்று கிராம் தாளின் எடை. ஊர்த் தட்டையெல்லாம் புரட்டிப் பார்க்கிறவர், இந்தத் தாளை உரித்துப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவருக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை. நேர்மையான கம்பெனி என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, மகளோடு முதல் கடைக்கே போய் வாங்கினார்.

மகள் போனுக்கு உறை பார்க்க அடுத்த மேஜைக்குப் போனாள். கடைப்பெண் மெயிலை ஏற்றிக் கொடுத்தாள். அவர் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டு போட்டார். மெயில்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

“என்ன வேகம் பாத்தீங்களா சார்?”

பார்த்தார். மகளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். இதே கடையில் அவர் எடை மெஷினை எடுத்து வைத்த நாளுக்கு முந்தின நாள் வந்திருந்தது அந்த மெயில். பதில் போடக் கெடு நேற்றோடு முடிந்திருந்தது.

அவர் திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். கல்லூரிக்கு ஒரு போன் செய்து மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். கெஞ்சினால் தப்பு தன்னுடையது என்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். தடித்த கட்டைவிரல் ஒரு எழுத்தும் பிசகாமல் வேலை செய்தது. மெயிலை அழித்தார்.

“வந்திருக்காப்பா?” உறையோடு ஓடி வந்தாள் மகள்.

“வரலம்மா. எல்லாம் கம்பெனி மெயில்.”

கடைப்பெண் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு ரசீது போடப் போனாள்.

அத்தோடு விட்டாரா? இல்லை. மைத்துனர் வந்து விசாரித்தபோது, மகளை வைத்துக்கொண்டே சொன்னார். “பரீட்சைய ஒழுங்கா எழுதியிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டானா? இவளுக்குக் கவனம் பத்தாது.” மனைவிகூட அதை நம்பி நாலு வார்த்தை திட்டினாள். மகளும் நம்பினாள். அதுதான் கொடுமை. இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். வீட்டில் சும்மா ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அப்பா கேட்டதும், எழுந்து முகம் கழுவிக்கொண்டு எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.

வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். கவனம் பத்தாது என்று யாரும் சொல்ல முடியாது. துணி இல்லாமல் ஒரு கல்லைத் தொடமாட்டாள்.

ஒரு நாள் தெருவோரக் காய்கறிக் கடையில் பெரிய மெஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். அவர் இரண்டு கையிலும் கனமான கற்கள். போன் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. அது ஒரு முறை ஒலித்து, திரை வெளிச்சமானது.

“எந்தக் கடையில கூப்பிடறாங்கன்னு பாரும்மா,” என்றார்.

அவள் குனிந்தாள். பூட்டு திறக்கவில்லை, திறக்க வேண்டியும் இருக்கவில்லை. அவ்வளவு வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ‘உங்களுக்கு ஒதுக்கிய இடத்திற்கு நீங்கள் பதில் அளிக்காததால் அதை வேறொருவருக்கு வழங்கிவிட்டோம். படிப்பில் சேராத காரணத்தைத் தெரிவித்தால்...’ அதற்கு மேல் திரையில் இடம் இல்லை.

அவள் இன்னொரு முறை படித்தாள். அழவில்லை. கடைக்காரர் தக்காளியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏன் சேரலைன்னு கேக்கறாங்கப்பா.”

அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த கல்லைக் கீழே வைக்கவும் இல்லை, தட்டில் வைக்கவும் இல்லை.

“பதில் போடணும். பாஸ்வேர்டு சொல்லுங்க.”

அவர் மெஷினைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. “முதல்ல இந்த வேலைய முடிப்போம்,” என்றார்.

மகள் கையில் இருந்த துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்த கல்லை வெறும் விரல்களால் எடுத்து, தட்டின் நடுவில் வைத்தாள். மெஷின் சரியாகத்தான் காட்டியது.