பூவாரிலிருந்து வள்ளத்தில் போன நேர்முகத் தேர்வு

கொழும்பிலிருந்து நான் திரும்பி வந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வேலைச் சான்றிதழும். அவ்வளவுதான். அங்கே ஒரு லேஸ் ஏற்றுமதிக் கடையில் ஐந்து வருடம் கடிதம் எழுதும் வேலை பார்த்தேன். இந்தியர்களுக்குத் தங்கும் அனுமதி இனி இல்லை என்று ஒருநாள் தபால் வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது.

எங்கள் ஊரான பாறசாலையில், சபையில் எல்லாரும் கேட்டார்கள், "ரோஸ்பாய், எப்ப திரும்பிப் போற?" அந்தக் கேள்விக்குப் பயந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லும் முன்பே எழுந்து வந்துவிடுவேன். என் வயதுப் பெண்கள் படித்து டீச்சராகிவிட்டார்கள். நானோ இன்டர்மீடியட்டோடு நிறுத்திக் கப்பலேறியவள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கோபமாகத்தான் ஜெபித்தேன். "ஆண்டவரே, திருப்பிக் கொண்டுவரவா என்னை அங்கே கொண்டுபோனீர்? அந்த ஐந்து வருடம் எதுக்கு?" என்று கேட்டேன். அழுகைதான் வந்தது.

அது எல்லைப் போராட்டம் நடந்த காலம். மலையாள ராஜ்யத்திலிருந்த தமிழ் பேசுகிற தாலூக்காக்களை மெட்ராசோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. என் அண்ணன் ஞானதாஸ் அதில் முழுமூச்சாக இறங்கியிருந்தான். காலையில் பேப்பர் வந்தால் எல்லைச் செய்தியைத்தான் முதலில் தேடுவான். அப்படித் தேடியபோதுதான் அந்த விளம்பரம் அவன் கண்ணில் பட்டது. மெட்ராசில் ஒரு கல்லூரியில் வியாபார நிர்வாகம் ஒரு வருடம் படிக்கலாம். டிகிரி இல்லாதவர்களும், வேலை செய்த அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

"இது உனக்குத்தான் பிள்ளே," என்றான் அண்ணன். "அஞ்சு வருசம் எதுக்குன்னு கேட்டியே. இதுக்காக்கும்."

விண்ணப்பம் அனுப்பினேன். பிறகு ஒரு நோட்டு வாங்கி, கொழும்பில் செய்த வேலையை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி எழுதினேன். எந்த மாதம் எந்த ஊருக்கு எந்த லேஸ் போனது, பெரிய ஆர்டர் ஒன்றை முதலாளி ஏன் வேண்டாம் என்றார், குறை சொல்லி வந்த கடிதத்துக்கு எப்படிப் பதில் போட்டேன் என்று எல்லாம் எழுதினேன். எழுத எழுதத்தான், நான் அங்கே கடிதம் மட்டும் எழுதவில்லை, வியாபாரம் படித்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அண்ணன் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பான். அம்மை லேஸ் பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஊசியை மடியில் வைத்துவிட்டு அவளே கேட்டாள்.

"பின்னுதது நாங்க. உனக்க படிப்பால எங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

ஓணம் கழிந்து, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. திருவனந்தபுரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு. அதற்கு முந்தின புதன்கிழமை ஊர்வலத்தில் அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வியாழக்கிழமை கடைகள் அடைத்தார்கள். பஸ் நின்றது. திருவனந்தபுரம் போகிற நெய்யாற்றின்கரை ரோட்டில் வருகிறவர்களை நிறுத்தி விசாரித்துத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் பேரைச் சொன்னால் என்னை விடவே மாட்டார்கள்.

அண்ணன் லாக்கப்பில் இருக்கிறான், நான் படிப்புக்காகப் போவதா? எனக்கு மனம் வரவில்லை. அம்மை சொன்னாள்:

"நீ போ மக்கா. அவனைப் பாக்க நான் உண்டு. அவன் கண்டுபிடிச்ச காரியம் இது. நீ போகல்லன்னா அவன்தான் சங்கடப்படுவான்."

"எப்படி அம்மை போறது? வழி இல்லியே."

அவள் ஜெபிக்க முழங்கால் போட்டாள். நானும் போட்டேன். இந்தத் தடவை கோபம் இல்லை. "ஆண்டவரே, எனக்கு வழி தெரியல்ல. உமக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலில் பாருக்குட்டி நின்றாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், மலையாளப் பள்ளியில் டீச்சர். போராட்டம் தொடங்கியபிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வருவதும் இல்லை, நான் அங்கே போவதும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் சொல்லாத ஒரு வருத்தம்.

"எடி, இன்னைக்கு உனக்க இன்டர்வியூன்னு ஊர்ல சொல்லிக் கேட்டேன். எறங்கு. பூவாரில எனக்க அச்சனுக்கு அறியுற வள்ளக்காரன் உண்டு. கடல் வழியா விழிஞ்சம் போவோம். அங்க பஸ் ஓடுது."

"நீயும் வாறியா?"

"பின்னே? உன்னை ஒத்தைக்கு விடுவேனா?"

சான்றிதழையும் நோட்டையும் மெழுகுத்துணியில் சுற்றி நூலால் கட்டினேன். கடையில் லேஸ் கட்டுவதுபோலவே கட்டினேன். வயல்வரப்பு வழியே பூவாருக்கு நடந்தோம். வள்ளக்காரர் சவரியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேடி உண்டோ மோளே?" என்று கேட்டார். உண்டு என்றேன். "ப்ரார்த்திச்சோ. ஞான் துழையாம்," என்று சிரித்தார். பயமா என்று கேட்டவர், நீ ஜெபி, நான் துடுப்புப் போடுகிறேன் என்றார்.

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் ஒரு அலை எழும்பி எங்கள் மூன்றுபேர் மேலும் விழுந்தது. பாருக்குட்டி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் ஏசுவே, ஏசுவே என்றேன். அவள் பகவானே, பகவானே என்றாள். அந்தப் பக்கம் போனபின் கடல் அமைதியாகக் கிடந்தது.

திருவனந்தபுரம் சேர்ந்தபோது மணி இரண்டாக இருபது நிமிடம் இருந்தது. சேலைக் கரையில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உள்ளே கல்லூரியிலிருந்து வந்த இரண்டுபேர். வயதானவர் என் சேலையைப் பார்த்து, எப்படி வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். கட்டை அவிழ்த்து நோட்டை மேசைமேல் வைத்தேன். ஒரு தாள்கூட நனையவில்லை.

"இப்படிக் கட்ட எங்கே படித்தாய்?"

கொழும்புக் கதையைச் சொன்னேன். ஒரு தடவை லண்டனுக்குப் போன லேஸ் பூசணம் பிடித்துவிட்டது. கப்பல்காரர்மேல் பழியைப் போடலாம் என்று எங்கள் கடையில் சொன்னார்கள். மழைக்காலத்தில் துவைத்து, முழுக்கக் காயாமல் நாங்கள்தான் கட்டியிருந்தோம். முதலாளியிடம் கெஞ்சி, அந்த உண்மையையே எழுதிப் போட்டேன். அடுத்த மாதம் அதே லண்டன் கடைக்காரர்கள் திரும்ப ஆர்டர் தந்தார்கள். அதற்குப் பிறகுதான் மெழுகுத்துணி.

மற்றவர் கேட்டார், "படித்து என்ன செய்வாய்?"

அம்மை கேட்ட கேள்வியை அப்படியே அவர்களுக்குச் சொன்னேன். "பதில் இன்னும் தெரியாது. அதைப் படிக்கத்தான் வருகிறேன்," என்றேன்.

அண்ணன் மூன்றாவது வாரம் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். வாசலில் ஏறும் முன்பே, "கிடைச்சுதா பிள்ளே?" என்றுதான் கேட்டான். தபால் அதற்கு மறுநாள் வந்தது. இடம் உண்டு என்று எழுதியிருந்தது.

மெட்ராசில் படித்தேன். திரும்பி வந்து, அம்மையும் பக்கத்து ஊரான திருப்புறத்துப் பெண்களும் பின்னுகிற லேஸை அவர்கள் பேரிலேயே வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கினேன். இன்று நாற்பத்தொரு பெண்கள் பின்னுகிறார்கள். என்ன விலைக்குப் போகிறது என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். பாருக்குட்டியின் மகளும் அதில் ஒருத்தி.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எங்கள் ஊரும் மெட்ராசோடு சேர வேண்டும் என்று அதே வீட்டில் அண்ணனும் ஜெபித்தான். பக்கத்துத் தாலூக்கா விளவங்கோடு மெட்ராசோடு போயிற்று. எங்கள் ஊர் போகவில்லை. இரண்டு மாதம் அவன் சபைக்கு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வந்து, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தர ஆரம்பித்தான். இன்றுவரை நிறுத்தவில்லை. அவனுடைய ஜெபத்துக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. அவன் முகத்தில் சமாதானம் உண்டு. அது எனக்குத் தெரியும்.

என்னைப்போல, போன வருடங்கள் வீணாகிவிட்டன என்று அழுகிறவர்கள் இதை வாசித்தால், அந்த வருடங்களை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். வழி இதுதான் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். எனக்கு ஒரு மலையாளத்துச் சிநேகிதியையும் ஒரு வள்ளக்காரரையும் அனுப்பியவர், உங்கள் வாசலுக்கு யாரை அனுப்புவார் என்று நீங்கள் நினைக்கவே முடியாது. தட்டுகிறவர் யாராக இருந்தாலும் கதவைத் திறங்கள்.