சுட்டது பத்தியம்

அன்று புரட்டாசி மூன்றாவது ஞாயிறு. குறிஞ்சிப்பாடியில் உறவுக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. பந்தியில் உட்காருவதைத் தவிர வளைகாப்பில் ஆண்களுக்கு வேலை கிடையாது. அதனால் என் மனைவி மட்டும் கடலூர் முதுநகரிலிருந்து குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினாள். நான் ரயிலில் சிதம்பரம் போய், பகல் முழுக்க அவளுடைய தம்பிக்குத் துணையாக இருப்பதென்று ஏற்பாடு. தம்பியின் மனைவியும் வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. தம்பியைத் தனியாக விட முடியாது.

என் மச்சானுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்வதை நிறுத்தி அப்போது ஒரு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதற்கு முன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கிரில் கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் டிரெய்லர் ரிப்பேர். நோய் வந்ததும் பட்டறையை மூடினார். வீட்டின் பின்பக்கம் அவர் கையால் செய்த ஒரே ஒரு சாமான் மிச்சமிருந்தது: ஆயில் டிரம்மை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, கால் வைத்து, மேலே கம்பி அடுக்கிய பார்பிக்யூ. அதில் வஞ்சிரமும் கோழியும் எத்தனை முறை சுட்டிருக்கிறோம் என்று என் டைரிகளைப் புரட்டினால் சொல்லிவிடலாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 9.25. அவர் மனைவி, எனக்குத் தங்கை முறை, புடவை கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள்.

"காய்லாம் ரெண்டு வாட்டி வேகவெச்சு வடிச்சு பிரிட்ஜ்ல வெச்சிருக்கேண்ணா. தாளிச்சுக் குடுத்தா போதும். தண்ணி, அந்த சொம்புல இருக்குறது மட்டுந்தான் இன்னைக்குப் பூரா. ஜாஸ்தி கேப்பாரு, குடுத்துடாதீங்க."

"என்னப் பத்தி இந்தாளுகிட்ட கோள் சொல்லாத, போயிட்டு வா," என்றார் மச்சான் நாற்காலியிலிருந்து.

அவள் போன பிறகு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த உணவுத் தாளைப் படித்தேன். எதையும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுவது என் வழக்கம். உப்பு கூடாது என்பது பெரிய எழுத்தில் இருந்தது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது. கீழே, கிழங்கும் காயும் சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடவும் என்று இருந்தது. நோயாளிக்குச் சீக்கிரம் செரிக்கட்டும் என்பதற்காக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள் கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. ஏன் என்று அந்தத் தாளில் இல்லை. நானே ஒரு காரணத்தை எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

பத்து மணிக்குமேல் அவர் ஆரம்பித்தார்.

"இன்னா மாமா, மத்தியானத்துக்கு வடிச்ச காய்தானா?"

"வேற இன்னா வேணும்?"

"நனைஞ்ச பேப்பரத் தின்னுருக்கீங்களா? அதுக்கு மஞ்சத்தூள் போட்டா எப்டி இருக்கும்? அதான்."

"டாக்டர் சொன்னத கேக்கணும்ல மச்சான்."

"டாக்டரு ஒருநாளு தின்னு பாக்கட்டும், நானும் கேக்குறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "பின்னால டிரம்மு சும்மாதான் கெடக்குது," என்றார்.

"புரட்டாசி. கறி ஆவாது."

"கறி யாரு கேட்டா? காய சுடுங்க. ஒரு பொட்டு உப்பு வேணாம். நெருப்பு வாசன இருந்தா போதும் எனக்கு."

நான் யோசித்தேன். கறி இல்லை, உப்பு இல்லை, எண்ணெயும் அநேகமாக இல்லை. எங்கள் பக்கம் காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அப்பளத்தைப் பொரித்துத் தர மாட்டார்கள். தணலில் சுட்டுத் தருவார்கள். பொரித்தது ஆகாது, சுட்டது பத்தியம். சிறு வயதிலிருந்து கேட்ட பேச்சு. "காய் யார இன்னா பண்ணிடப் போவுது," என்று சொன்னவன் நான்தான். அவர் அல்ல.

கடைத்தெருவுக்குப் போய்ச் சவுக்குக் கரியும் காய்களும் சோளக்கதிரும் வாங்கிவந்தேன். கம்பியின் துருவைத் தேய்த்து எடுத்தேன். அவர் நாற்காலியைப் பின்வாசலில் போட்டுக்கொண்டு உத்தரவு போட்டார். கரி வெள்ளை பூத்த பிறகுதான் காய் வைக்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கம்பியில் வைக்கக் கூடாது, சாம்பலில் புதைக்க வேண்டும். வாழைக்காயை மீன் துண்டு மாதிரி சாய்த்து நறுக்க வேண்டும். மீனுக்குத் தடவுகிற மிளகு, சீரகம், இஞ்சி பூண்டு விழுதைத் தேங்காய்ப்பாலில் கரைத்துத் தடவினேன். கத்தரிக்காயைத் தோல் கருகச் சுட்டு, உரித்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் எலுமிச்சைச் சாறும் போட்டுப் பிசைந்தேன். சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சுவுக்குப் பாதி வழி போய் நின்ற ஒரு பண்டம். தக்காளிகள் தோல் வெடித்துச் சாறு கரியில் சொட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புகையை இழுத்தார்.

12.50க்குச் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் கிழங்கைத் தோலுரித்து ஊதி ஊதித் தின்றார். வாழைக்காயில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, "இதுல முள்ளு ஒண்ணுதான் இல்ல," என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அதுதான். நான் ஒரு தக்காளியும் பாதிச் சோளமும் தின்றேன். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதுமாக இருந்தது.

சாயங்காலம் தங்கை திரும்பிவந்ததும் நான் 5.40 ரயிலைப் பிடித்தேன். என் மனைவி குறிஞ்சிப்பாடியிலிருந்து நேராகக் கடலூர் வந்திருந்தாள்.

மறுநாள் திங்கள், காலை 6.35க்குப் போன். "கால தூக்க முடியலங்குறாருண்ணா. எழுந்து நிக்கவே முடியல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தங்கை அவர் பக்கத்தில் இருந்தாள். இளம் பெண் டாக்டர் ஒருவர் இ.சி.ஜி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நேத்து இவரு கூட இருந்தது யாரு? என்ன சாப்ட்டாரு?"

சட்டைப் பையிலிருந்த சிறு டைரியை எடுத்துப் படித்தேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றரை. வாழைக்காய் ஒன்பது துண்டு. கத்தரிக்காய் மூன்று. தக்காளி நான்கு. சோளம் ஒன்று. கிழங்கிலேயே டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"வடிச்சீங்களா?"

"இல்ல மேடம். சுட்டது. உப்பே போடல."

"உப்பு இல்ல சார் இப்ப பிரச்சின. வடிக்கச் சொல்றது காய்ல இருக்குற பொட்டாசியம் தண்ணியோட போறதுக்கு. சுட்டா அவ்ளோவும் உள்ளயே இருக்கும். இவரு உடம்புலருந்து அது வெளிய போவாது. நேரா இதயத்தப் புடிக்கும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார். ஊசிகள் போட்டார்கள். அவசர டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். மெஷினில் இணைப்பதற்கு முன், 10.20க்கு, மச்சானுடைய இதயம் நின்றது. அரைமணி நேரம் முயன்று பார்த்தார்கள்.

டாக்டர் பேசியபோது என் மனைவி என் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "இப்ப அவகிட்ட சொல்லாதீங்க."

வீட்டில் கூட்டம் கூடியதும் கடைசிச் சாப்பாடு என்ன என்ற பேச்சு வந்தது. எப்போதும் வரும். "புரட்டாசில, சுத்த சைவமா சாப்ட்டுட்டுப் போயிருக்காரு. குடுத்து வெச்ச மனுசன்," என்றார் ஒரு பெரியவர். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தினமும் யாராவது ஒருவர் அதையே சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம். படையல் முடிந்து, பந்திக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தபோது தங்கை பின்பக்கக் குழாயடியில் தனியாகப் பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தாள். அதற்கு ஆட்கள் இருந்தார்கள். அவளாகப் போய் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கி ஞாயித்துக்கெழம, நீ வெச்சிட்டுப் போன காய அவருக்குக் குடுக்கல. டிரம்முல சுட்டுக் குடுத்தேன். அதாலதான் ஆச்சுன்னு டாக்டர் சொன்னாங்க."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்ணா. வந்ததுமே குப்பக்கூடையில தோலுங்களப் பாத்தேன். வடிச்ச காயி பிரிட்ஜ்ல அப்படியே இருந்துது. அவர கேட்டேன். 'எல்லாம் மாமாதான் தின்னாரு, நான் ரெண்டு துண்டு வாயில போட்டேன்'னாரு. ரெண்டு துண்டுதானே, செவ்வாக்கெழம மெஷின் இருக்குதேன்னு விட்டுட்டேன்." குழாயை மூடினாள். "நீங்க எவ்ளோண்ணா தின்னீங்க?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம்.

"ஒரு தக்காளி. பாதிச் சோளம்."

அவள் அலம்பிய குண்டானைத் திரும்பவும் எடுத்து, அதன் அடியைத் தேய்க்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து யாரோ, இலை போட்டாயிற்று, முதல் பந்திக்கு வரலாம் என்று கூப்பிட்டார்கள்.

"போங்கண்ணா," என்றாள், என்னைப் பார்க்காமல். "நீங்க போயி சாப்புடுங்க."