காளியண்ணன் எடுத்துப் பார்த்த போன்

காளியண்ணன் மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவர் மேல் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் வருகிற கோபம். மழை மேல் கோபப்படலாம், டெலிபோன் கம்பி மேல் கோபப்படலாம். இரண்டும் திருப்பிப் பேசாது.

கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருந்த செம்பனை ஆலையில் அவர் எடைமேடைக்காரர். குலை ஏற்றி வருகிற லோரிகள் எல்லாம் அவருடைய கொட்டகைக்கு முன்னால் ஏறி நின்று, எடை போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். காக்கிக் கால்சட்டையும் கை வைத்த பனியனும் போட்டுக்கொண்டு, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, மில் முழுவதும் தன்னுடையது என்பதுபோல் நிற்பார். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். "எடை சொன்னா சொன்னதுதான் லா, போ போ!" என்று லோரிக்காரர்களை விரட்டுவார். அவர்களும் அவரைச் சீண்டாமல் போனதில்லை.

நான் ரவாங்கிலிருந்து அந்த மில்லுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போனவள். பெயர் புஷ்பவள்ளி. அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிற மில்லே அபூர்வம். எங்கள் ஆபீஸில் அதற்கென்று தனி அறை, ஏர்கோன், உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு சட்டம். மாமா வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "ஒன் டிவில இன்னிக்கு என்ன படம் பிள்ள?" என்பார். "அழுக படம்தான் மாமா" என்பேன். தினமும் இதே பேச்சு, தினமும் இதே சிரிப்பு.

அவருடைய மனைவி சின்னத்தாய், மகள் அமராவதி தத்தி நடக்கும்போதே இறந்துபோனார். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி, மில் ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் அவரைப் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். கேட்கவில்லை. தானே சமைத்து, தானே மகளுக்குத் தலை வாரிப் பின்னி, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். ரிப்பன் எப்போதும் ஒரு பக்கம் பெரிசாகவும் ஒரு பக்கம் சின்னதாகவும் இருக்குமாம். அமராவின் தோழி சந்திரிகா சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மகள் ரவாங்கில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு மெக்கானிக்கை விரும்பினாள். நல்ல பையன்தான். வேறு சாதி. அது போதுமே நம் ஆட்களுக்கு! மாமா முடியாது என்றார். அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கல்யாணம் முடிந்து அவள் மில்லுக்குப் போன் பண்ணியபோது, குரலைக் கேட்டதும் மாமா ஒன்றும் பேசாமல் ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டார். சாயங்காலம் வரைக்கும் அது அப்படியே கிடந்தது. அவள் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து இங்கேஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்தில் அந்தப் பிடிவாதம் எப்படிக் கரைந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கரைந்ததை என்னிடம்தான் வந்து கொட்டுவார். "ரவாங் பக்கம் போனா எங்கிட்டாவது கண்ணுல பட்டாளாம்மா?" என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பார். நேராகப் போய்ப் பாருங்களேன் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீம்பு போய்விட்டது, வெட்கம் மிச்சமிருந்தது.

1988இல், மழைக்காலத்தில், சந்திரிகா மில்லுக்கே வந்து சேதி சொன்னாள். அமராவின் கணவனுக்குப் பப்புவா நியூகினியில் மரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் சுபாங்கில் விமானம் ஏறுகிறார்கள். காட்டுக்குள் முகாம், இன்ன இடம் என்று கிடையாது. ஏறுவதற்கு முன்னால், பத்து மணிக்கு மேல், அமரா மில்லுக்குப் போன் பண்ணுவாள்.

"அப்பாவே போனை எடுத்து ஒரு வார்த்த பேசினா போதுமாம். எடுக்கலைன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்னு சொல்லச் சொன்னா" என்றாள் சந்திரிகா.

மாமா காதிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எடுக்குறேன்னு சொல்லும்மா" என்றார்.

அதே சனிக்கிழமைதான் எனக்கும் ஒரு வேலை விழுந்தது. யாரோ ஒரு போக்கிரி வெளியிலிருந்து டெலிபோன் வழியாகவே கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் புகுந்து பார்த்திருக்கிறான். அவர்கள் பதறிப்போய், தெரியாதவர்கள் உள்ளே வராமல் தடுக்கிற காவல் புரோகிராம் ஒன்றை எழுதி, அதை எல்லா மில்லுக்கும் டெலிபோன் வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கும் டெலிபோனுக்கும் நடுவில் மோடம் என்று ஒரு பெட்டி. லைனில் வருகிற சத்தத்தை அது எழுத்தாக்கி உள்ளே இறக்கும். இறங்கி முடிகிற வரைக்கும் லைன் இங்கேஜாகத்தான் இருக்கும். தனி லைனுக்கு விண்ணப்பித்து வருஷமாகிறது, வந்தபாடில்லை. மில்லுக்கு இருந்ததே ஒரு லைன்தான்.

மேனேஜர் சிவானந்தம் சாரிடம் போய், வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா சார் என்று கேட்டேன். விஷயம் அவருக்கும் தெரியும். "ஒரு மணி நேர வேலதானேம்மா. எட்டு மணிக்கு ஆரம்பி. அந்தப் பொண்ணு பத்து மணிக்கு மேலதானே கூப்பிடுது?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது.

மாமாவிடமும் சொன்னேன். "ஆபீஸ்லயே வந்து உக்காருங்க மாமா."

"நாலு பேர் முன்னால என்னத்தப் பேசுறது? வெக்கமா இருக்கும்மா. லோரி வேற வரும். பாலத்துலயே இருக்கேன்." எடைமேடையை அவர் பாலம் என்றுதான் சொல்வார். அந்தக் கொட்டகையிலும் அதே லைனில் கட்டிய ஒரு போன் உண்டு.

"சரி. பத்துக்குள்ள லைன் சும்மாயிடும். மணி அடிச்சா எடுங்க. அது அமராதான்."

சனிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். புரோகிராம் துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு சரியாக வந்தால் கன்சோல் திரையில் ஒரு புள்ளி விழும். துண்டு கெட்டுப்போய் வந்தால் கம்ப்யூட்டர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுபடி அனுப்பு என்று கேட்கும். அடிக்கடி கெட்டால், லைன் மோசம் என்று தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் புள்ளிகள் நன்றாகத்தான் விழுந்தன. பிறகு திடீரென்று திரையில் குப்பை கொட்டியது. கேள்விக்குறி, அடைப்புக்குறி, வால் முளைத்த எழுத்துகள். நின்றது. மறுபடி புள்ளி. மறுபடி குப்பை. ஒன்பது மணிக்குப் பாதிகூட இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். கன்சோலுக்குப் போகிற தடித்த கேபிளின் திருகாணிகளை இறுக்கினேன். ஏர்கோன் கம்பிக்குப் பக்கத்தில் கிடந்த அதை இழுத்துத் தள்ளிப் போட்டேன். ஏர்கோனையே நிறுத்தினேன். சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியைத் திறந்து, ஈரம் இருக்குமோ என்று கைக்குட்டையால் துடைத்தேன். வேர்த்துக் கொட்டியது. குப்பை நிற்கவில்லை. வேகம் குறைந்து, புள்ளிகள் இப்போது ஏதோ கடனுக்கு விழுவதுபோல் விழுந்தன.

பத்து அடித்தது. நான் சிவானந்தம் சாரிடம் ஓடினேன். "நிறுத்திடலாமா சார்?"

அவர் எழுந்தே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். "நிறுத்தினா பழசும் இல்ல புதுசும் இல்லன்னுதானே சொன்னாங்க?"

ஆமாம். பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது இறங்கும். நடுவில் அறுத்தால் மெஷின் ஊமை. "திங்கக்கிழமை மில் ஓடணுமேம்மா. இன்னும் கொஞ்சம்தானே மிச்சம்..." என்று அவரும் கையைப் பிசைந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

திரும்பி வந்து திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மழையால் கெடுகிற லைன் என்றால் இரைச்சல் விடாமல் இருக்கும். இது அப்படி இல்லை. கொஞ்ச நேரம் சுத்தமாக ஓடுகிறது. பிறகு கொஞ்ச நேரம் குப்பை. பிறகு சுத்தம். யாரோ ரிசீவரை எடுத்து எடுத்து வைப்பதுபோல. அந்த லைனில் இருந்தது இரண்டே போன்தான். ஒன்று என் கண்ணெதிரில் இருந்தது.

குடையை எடுக்கவும் தோன்றாமல் எடைமேடைக்கு ஓடினேன்.

மாமா என்றைக்கும் இல்லாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "அமரா... அப்பாதாம்மா. கோவமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. போய்ட்டு நல்லபடியா வாங்க. வந்தா நம்ம வீட்டுக்குத்தான் வரணும். மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா..."

"மாமா!" என்று கத்திவிட்டேன். "யாருகிட்டப் பேசுறீங்க?"

அவர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "லைன்ல இருக்காம்மா. ஒரே எரைச்சல், ஏரோப்ளேன் சத்தம். முன்னாலயே கூப்பிட்டுட்டான்னா என்னா பண்றதுன்னு காலையிலேர்ந்து எடுத்துப் பாக்குறேன், எடுக்குறப்பல்லாம் அதேதான். அவ பேசுறது எனக்குக் கேக்க மாட்டேங்குது. நான் பேசுறது அவளுக்குக் கேக்கும்ல?"

அது ஏரோப்ளேன் இல்லை. அது என் மோடம்.

"மணி அடிச்சுச்சா மாமா? அடிக்காம ஏன் எடுத்தீங்க?"

"மழ பெஞ்சா இந்த மணி அடிக்காதே பிள்ள. ஒனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா அப்பிடித்தான். எடுத்து எடுத்துப் பாத்தாதான் ஆள் இருக்கறது தெரியும்."

எனக்குத் தெரியாது. ரவாங்கிலிருந்து வந்தவளுக்கு யார் சொன்னார்கள்? எடைமேடையில் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும், மழை நாளில் மணியை நம்பக்கூடாது, சும்மா சும்மா எடுத்து ஹலோ சொல்லிப் பார்க்க வேண்டும் என்று. மகள் கூப்பிடுகிற நாளில் அவர் எத்தனை தரம் எடுத்திருப்பார்! எடுக்கும்போதெல்லாம் பேசியிருக்கிறார். பேசும்போதெல்லாம் அங்கே என் திரையில் குப்பை கொட்டியிருக்கிறது. அவர் பேசப் பேச லைன் மெதுவானது. மெதுவாக ஆக ஆக மகளுக்கு வழி அடைபட்டது.

அவர் கையிலிருந்த ரிசீவரை வாங்கி வைத்தேன். "இனிமே எடுக்காதீங்க மாமா. நானே ஓடி வந்து கூப்பிடுறேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் தலையாட்டினார்.

அதன் பிறகு புள்ளிகள் ஒரு தடங்கலும் இல்லாமல் விழுந்தன. வேகம் ஏறியது. கால் மணி நேரத்துக்குள் எல்லாம் இறங்கி முடிந்தது. மோடத்தை அணைத்த கையோடு ஆபீஸ் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

சந்திரிகா. ஏர்போர்ட்டிலிருந்து பேசினாள். "அவங்க உள்ள போயிட்டாங்க புஷ்பா. பத்து மணியிலேர்ந்து காசு போட்டுப் போட்டு அடிச்சா. இங்கேஜ், இங்கேஜ், இங்கேஜ். மறுபடியும் எடுத்துக் கீழ வெச்சிட்டாருல்ல அந்த மனுஷன்? அழுதுகிட்டே போறாடி."

"இல்லடி! ஐயோ, அவரு போன விட்டு நகரவே இல்லடி! ஓடிப்போயி அவகிட்டச் சொல்லு!"

"கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போயிட்டா. என்னைய எப்பிடி விடுவாங்க?"

போய்ச் சேர்ந்ததும் விலாசம் எழுதுவதாக அமரா சந்திரிகாவிடம் சொல்லியிருந்தாள். எழுதவில்லை. அவள் புருஷனுடைய கம்பெனியில் விசாரித்தோம். முகாம் மாறிவிட்டது என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு நான் மறுபடி எடைமேடைக்குப் போனபோது மாமா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "கம்ப்யூட்டர் கோளாறு மாமா, லைன் கெடைக்காமப் போச்சு" என்றேன். "அவளுக்கு என்ன சத்தம் கேட்டிருக்கும்?" என்று கேட்டார். இங்கேஜ் சத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன. பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். நான்தான் அழுதேன்.

திங்கட்கிழமை காலை என் அறை வாசலில் வந்து நின்றார். டிவியில் என்ன படம் என்று கேட்கவில்லை. சிவானந்தம் சார் நல்ல மனசோடுதான், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, நடந்ததை அவருக்கு விளக்கியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேனேஜர் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் மாமா என்னைப் பேச விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக உள்ளே வந்து, திரைக்கு முன்னால் நின்றார்.

"நான் பேசினதெல்லாம் இதுக்குள்ளதான் வந்துச்சாமே. இன்னும் இருக்குமாம்மா? எடுத்து அவளுக்கு அனுப்ப முடியுமா?"

"இல்ல மாமா. அதுக்குப் புரியாததையெல்லாம் அப்பவே அழிச்சிடும்."

அந்தக் கறுப்புத் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா பேசினேன்?" என்றார். "நீதான் கேட்டியே. நல்லாத்தானே பேசினேன்?"

"நல்லாப் பேசினீங்க மாமா" என்றேன். வெளியே ஒரு லோரி ஹாரன் அடித்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எடை போடப் போனார்.