புஷ்பமேரியின் நீண்ட ஒருசந்தி

பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பியபோது சூசைபுரம் சவுரியப்பன் வீட்டில் ஒரு போண்டாகூட மிச்சமில்லை. மாப்பிள்ளையின் அத்தை தட்டைக் காலி செய்து, கை கழுவி, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் கால் வைக்கும்போதுதான் அதைச் சொன்னாள்.

"ஒரு பொண்ணு பாக்க வந்தோம். நீங்க ரெண்டு பொண்ணக் காட்டிட்டீங்களே."

வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மரியாதைக்குச் சவுரியப்பனும் சிரித்துவைத்தார். அது தன் பருமனைச் சொன்னது என்று கதவுக்குப் பின்னால் நின்ற புஷ்பமேரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு, அன்றைக்கு அவளுக்கென்று அம்மா பாக்கியமேரி எடுத்து வைத்திருந்த களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் அப்படியே ஆறிப்போயின.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தர்மபுரி தனி மாவட்டமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்பைநல்லூர்ப் பக்கத்துச் சூசைபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், தர்மபுரியில் ஒரு தையல் பள்ளியில் பெண்களுக்கு ரவிக்கை வெட்டக் கற்றுக்கொடுத்தாள். அதுவரைக்கும் நல்ல சாப்பாட்டுக்காரி. களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து அவள் விழுங்குகிற அழகைப் பார்த்தால் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவருக்கும் மறுபடி பசிக்கும்.

அடுத்த வாரமே தவக்காலம் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ஊரே ஒருசந்தி இருந்தது. அதாவது பகலில் ஒரு வேளைச் சாப்பாடு, மற்ற வேளைகளில் பேருக்கு ஏதாவது. புஷ்பமேரிக்கு இது பெரிய வசதியாகப் போயிற்று. ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஈஸ்டர் என்கிற பாஸ்கா வந்தது, ஊரெல்லாம் கோழி அடித்தார்கள், ஒருசந்தி முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வேண்டுதலைக் குறுக்கே நின்று தடுக்க எந்தத் தாய்க்குத் தைரியம் வரும்?

தட்டில் விழுந்ததைப் பிட்டுப் பிட்டு அடுக்குவாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியதும் பாதி மடிக்குப் போகும். அது வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ராமக்காளின் நாய்க்குப் போகும். ராமக்காள் தெலுங்குக்காரி, வேறு சாமி கும்பிடுகிறவள், ஆனால் எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளாதவள். அவளுடைய எருமை ஒரு நாள் காணாமல் போயிற்று. வேலி ஓரம் அழுதுகொண்டு நின்றவளிடம் புஷ்பமேரி, வந்துரும் அக்கா, வேண்டிக்கறேன் என்று வாய் வார்த்தையாகச் சொல்லிவைத்தாள். சாயங்காலம் எருமை தானாக வந்து கட்டுத்தறியில் நின்றது.

அவ்வளவுதான். சாப்பிடாமல் தவம் இருக்கிற பெண், சொன்னது பலிக்கிறது என்று ராமக்காள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். தன் நாய் மட்டும் காரணமில்லாமல் கொழுத்துக்கொண்டு வருவதையும் அந்த அருளில்தான் சேர்த்தாள். பெண்கள் உப்பும் தண்ணீரும் கொண்டுவந்து, கையை வைத்துக் கொடு கண்ணு என்று நின்றார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக மெழுகுவத்தி கொண்டுவந்தார்கள்.

புஷ்பமேரிக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது. ஊர் அவளை ஏற இறங்கப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சாப்பிட்ட காலத்தில் சாப்பாட்டு நினைப்பு சாப்பிடும்போது மட்டும் வந்துபோனது. இப்போது ஜெபமாலை உருட்டும்போதுகூட வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. தையல் பள்ளியில் பெண்களை உட்காரவைத்து, நேற்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு, தாளித்தது கடுகா வடகமா, கத்தரிக்காயை நீளமாக அரிந்தீர்களா சதுரமாகவா என்று விசாரிப்பாள். டீச்சருக்குச் சமையலில் அப்படி ஆர்வம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதே பள்ளியில் இன்னொரு டீச்சர் சுல்தானா. அவளைவிடப் பத்து வயது மூத்தவள், குழந்தைகள் உள்ளவள், கோட்டையில் கடை வைத்திருந்த அப்துல் ரஷீதின் மனைவி. அவள் கண்ணுக்குப் புஷ்பமேரியின் தவம் தெரியவில்லை, ரவிக்கைதான் தெரிந்தது. மாதம் தவறாமல் அதைப் பிடித்துச் சிறிதாக்கித் தரச் சொல்வாள் புஷ்பமேரி. ஆள் இல்லாத நேரத்தில் அளவு நாடாவைத் தன் இடுப்பில் சுற்றிப் பார்ப்பாள். கடைசியில் ஒரு நாள் சுல்தானா ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இனிமே பிடிக்கறதுக்கு இதுல துணி இல்ல புஷ்பா. உன் உடம்புலயும் இல்ல."

அதற்குப் பதிலைப் புஷ்பமேரியின் உடம்பு சொன்னது, ஊர்த் திருவிழாவில். தேர் கோவிலைச் சுற்றி வந்து கடைத்தெரு முனையில் திரும்பும்போது, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவள் அப்படியே சரிந்தாள். பாட்டு நின்றது, மேளம் நின்றது. முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தார்கள். காட்சி கிடைத்திருக்கிறது என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. ராமக்காளாக இருக்கலாம். அவள்தான் காதுப் பக்கம் குனிந்து கேட்டாள்.

"என்னா கண்ணு பாத்த? சொல்லு."

அரை மயக்கத்தில் இருந்த புஷ்பமேரிக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"பொன்னிறமா இருந்துச்சு," என்றாள். "வட்டமா. மினுமினுன்னு. சுத்தியும் நுரை நுரையா பொங்குது. நடுவுல..."

அந்த இடத்தில் சுதாரித்துக்கொண்டு வாயை மூடினாள். நடுவில் ஓட்டை. விழுவதற்கு முன்னால் அவள் கண்ணில் பட்டது முனைக் கடையில் எண்ணெயில் மிதந்த உளுந்து வடை. சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் முழங்காலிட்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை தையல் பள்ளியில் சுல்தானாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை சொன்ன வார்த்தை, நாய், நாடா, வடை. சுல்தானா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். வடை வந்த இடத்தில் முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினாள்.

டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கடைசி மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டார். அது வந்து மாதக்கணக்காயிற்று. இது நோன்பு இல்லை, நோய் என்றார். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் விட்டால் ஆளைத் தின்றுவிடும் என்றார். வேளாவேளைக்குக் கொஞ்சமாவது சாப்பிட வேண்டும், வாரா வாரம் வந்து காட்ட வேண்டும்.

வீட்டில் அது நடக்கவில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் தட்டுக்கு முன்னால் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். கை வாய்க்குப் போகும்போது இரண்டு பேர் வாயும் சேர்ந்து திறந்தது. ஒரு வாய் உள்ளே போனால் சவுரியப்பன் ஸ்தோத்திரம் சொல்வார். அந்த ஸ்தோத்திரத்தைக் கேட்டதும் அடுத்த வாயைத் தட்டிலேயே வைத்துவிடுவாள்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சுல்தானாவுக்குப் பசித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிருஷ்ணப்பன் என்ற கன்னடக்காரர் ஒரு டிபன் ஹோட்டல் வைத்திருந்தார். பெண்களுக்கென்று ஒரு மூலையில் பச்சைத் திரை போட்ட அறை உண்டு. ஆண் துணையில்லாமல் புஷ்பமேரி ஹோட்டலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சுல்தானா தனக்கு மசால் தோசை சொன்னாள், புஷ்பமேரி காபி போதும் என்றாள். சர்வர் திரையை விலக்கி, யாருக்கு எது என்று கேட்காமல், தோசையைப் புஷ்பமேரி முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாற்றிக்கொள்ளச் சுல்தானா கை நீட்டவில்லை. பையிலிருந்து கைக்குட்டை எடுத்து அதன் ஓரத் தையலை ஆராய ஆரம்பித்தாள். சர்வர் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம் ஆகட்டுங்க. வெளிய ஆளு நிக்குது."

புஷ்பமேரிக்கு இது புதிதாக இருந்தது. இவள் சாப்பிட்டாளா என்பதில் இந்த மனிதருக்குக் கவலையே இல்லை. இவள் எழுந்து போனால் போதும் அவருக்கு. இங்கே அவள் புண்ணியவதியும் இல்லை, ரெண்டு பொண்ணும் இல்லை, ஒரு நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கிறவள், அவ்வளவுதான். மொறுமொறுப்பான ஓரத்தை ஒடித்து வாயில் வைத்தாள். பிறகு சட்னியில் தொட்டு இன்னொன்று. கிழங்கு இருக்கிற நடுப்பகுதிக்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. பாதியில் நிறுத்தினாள். மீதியைச் சுல்தானா இழுத்துத் தின்றுவிட்டு, உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து டாக்டர் வீட்டுக்குப் போனால் கிருஷ்ணப்பன் ஹோட்டல் என்று ஆயிற்று. நேர்கோடாக எல்லாம் சரியாகிவிடவில்லை. சில வாரம் இட்லியைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள். நன்றாகச் சாப்பிட்ட மறுநாள் நாடாவைத் தேடுவாள். ஒரு நாள் பள்ளியிலிருந்த எல்லா நாடாவையும் சுல்தானா கொண்டுபோய்த் தன் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டாள். அன்று முழுக்க வகுப்பில் சணலால் அளவெடுத்தார்கள். அந்த வாரம் தைத்த ரவிக்கைகளில் ஒன்றுகூட ஒருத்திக்கும் சேரவில்லை. தலைமை டீச்சர் கேட்டதற்கு, எலி என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

ஆனாலும் தோசையின் நடுப்பகுதிக்கு அவள் வந்து சேர்ந்தாள். பிறகு பூரிக்கு. பிறகு ரம்ஜானுக்குச் சுல்தானா வீட்டுப் பிரியாணிக்கு. அங்கே கூட்டமாக உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிட்டதால், யார் எவ்வளவு தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது அவளுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. சுவை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வாயில் கிராம்பு ஒன்று கடிபட்டபோது, பழைய சிநேகிதியைச் சந்தையில் பார்த்த மாதிரி திடுக்கிட்டாள்.

ஊரில் மட்டும் இன்னும் தவசியாகத்தான் இருந்தாள். உப்பும் தண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தன. எப்படி மறுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறு வருஷம் ஆடி மாதம் தையல் பள்ளிப் பெண்கள் எல்லாரும் ஒகேனக்கல் போனார்கள். பாறை ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை ஆற்று மீனில் மிளகாய் அரைத்துத் தடவி, கல்லில் போட்டுப் பொரித்துக்கொண்டிருந்தாள். புஷ்பமேரி வாழை இலையை மடியில் விரித்துக்கொண்டு, முள்ளை நீக்கி நீக்கி, ஒரு மீனை முடித்து அடுத்ததைக் கையில் எடுத்தாள். நிமிர்ந்தால் எதிரே ஈரச் சேலையோடு ராமக்காள். ஆடி நீராட உறவுக்காரர்களோடு வந்திருந்தாள்.

ராமக்காள் இலையில் கிடந்த முள்ளைப் பார்த்தாள், கையிலிருந்த மீனைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழம கண்ணு," என்றாள் ராமக்காள்.

"வெள்ளிக்கிழம கறிதாங்க்கா ஆகாது. மீனு ஆகும்."

சொன்ன பிறகு புஷ்பமேரிக்கு இதற்கு மேல் ஒளிக்க மனம் வரவில்லை. மீனைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தேரன்று பார்த்தது வடை என்று சொன்னாள். நாய் எதனால் கொழுத்தது என்பதையும் சொன்னாள். ராமக்காள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப என் எரும?"

"அதுக்குப் பசிச்சிருக்குங்க. வூட்டுக்கு வந்துருச்சு."

ராமக்காள் வெகுநேரம் யோசித்தாள். கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று சுல்தானாகூட எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். ராமக்காள் கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சு கண்ணு. உன்னைய வூட்டுப் பக்கத்துல வச்சிக்கிட்டு, ஒரு வருஷமா யாரையும் வாய் நிறையத் திட்டவே முடியல எனக்கு."

பிறகு கை நீட்டி ஒரு மீன் கேட்டாள். விரதமில்லையா என்று சுல்தானா கேட்டதற்கு, அது நேற்று என்றாள்.

அவர்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே செய்தி திரும்பிவிட்டது. சிலருக்கு வருத்தம். பிள்ளை பரீட்சையில் தேறியிருந்த ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. வடையோ எதுவோ, பையன் பாஸ் என்று சொல்லி, அடுத்த வருஷமும் மெழுகுவத்தி கொண்டுவந்தாள். சவுரியப்பனும் பாக்கியமேரியும் கிருஷ்ணப்பன் ஹோட்டல் கதையைக் கேட்டு முதலில் திகைத்தார்கள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டார்கள். ஸ்தோத்திரத்தைச் சவுரியப்பன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து அவளுக்கும் இன்னாசிராஜ் என்ற பஸ் கண்டக்டருக்கும் கல்யாணம் ஆயிற்று. எந்த ஊரில் எந்த ஹோட்டலில் எது நன்றாக இருக்கும் என்று தெரிந்த மனிதர். அரூரில் எங்கே பரோட்டா, பென்னாகரத்தில் எங்கே ஆட்டுக்கால் என்று அவர் சொல்லச் சொல்லத்தான் அவளுக்கு அவர்மேல் பிரியம் வந்தது. பழைய பயம் முழுக்கப் போய்விட்டது என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. எப்போதாவது கண்ணாடி முன் நிற்கும்போது தலைகாட்டும். அன்றைக்குச் சுல்தானாவைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது சாப்பிடப் போய்விடுவாள்.

எழுபத்தைந்தில் ஒரு தடவை இரண்டு பேரும் தையல் சாமான் வாங்கப் பெங்களூர் போனார்கள். மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பிசிபேளா பாத் சாப்பிட்டார்கள். திரும்பும்போது கிருஷ்ணகிரியில் பஸ் நின்றது. இறங்கிப் பஜ்ஜி சாப்பிடலாமா என்று சுல்தானா கேட்டாள். வேண்டாங்க்கா, பசிக்கல என்றாள் புஷ்பமேரி. சுல்தானா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நிஜமாகவே பசிக்கவில்லை. சுல்தானா தனியாக இறங்கிப் போய்த் தின்றுவிட்டு வந்தாள். அதற்குள் புஷ்பமேரி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.