மாமாவின் இரண்டு முழங்கைகள்

என் மாமா டீ ஆற்றும்போது எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது டீ அல்ல, அவருடைய வலது முழங்கைதான். வலது கையில் குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இடது கையில் கீழே பிடித்திருக்கும் கிளாஸுக்குள் ஒரு சொட்டு சிந்தாமல் இறக்குவார். கை மேலே போகப் போக முழங்கை வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். மற்ற டீ மாஸ்டர்களுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. என் மாமாவின் முழங்கையில் சொரியாசிஸ் இருந்தது.

சிவந்த தோலின்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில், இரண்டு முழங்கைகளிலும் உள்ளங்கை அகலத்துக்கு. தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது, டீயில் கலக்கவே கலக்காது என்று மாமா எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் புதிதாக வந்திருந்த கடைக்குப் போய் டீ குடித்தார்கள்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீடு மணலூர்பேட்டையில். மாமாவின் டீக்கடை மலைமேல், வெள்ளிமலையில் பஸ் வந்து திரும்பும் இடத்தில். முழுப் பரீட்சை லீவு விட்டதும் அம்மா என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்து, மலை பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் ஒப்படைத்துவிடுவாள். அந்தக் கண்டக்டர் மாமா கடையின் நிரந்தர வாடிக்கையாளர், டிரிப்புக்கு ஒரு டீ. அந்த வருஷம் அவர் என்னைக் கொண்டுவந்து மாமாவிடம் விட்டார், பிறகு மாமாவின் முகத்தைப் பார்க்காமல் எதிர்க்கடைக்கு நடந்தார். மாமாவோ அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பட்டன் மாட்டியிருந்தார்.

"இன்னா அப்புடி பாக்குற? மாப்ள மாரி இல்ல?" என்று கேட்டுச் சிரித்தார்.

அத்தை வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சட்டைய மூடிக்கினா மட்டும் ஊருக்குத் தெரியாதா?"

கீழே ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டரம்மா ஒருவர் ஜீப்பில் வந்தது அந்த வாரம்தான். தோல் வைத்தியத்தில் மேற்படிப்பு படிக்கிறவர், சின்ன வயசு. சொரியாசிஸுக்குப் புதிதாகச் செய்த ஒரு களிம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மாமாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டி, சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு ட்யூப்களைக் கொடுத்தார். பார்க்க இரண்டும் ஒன்றுதான், வாசனையும் ஒன்றுதான். ஒன்றில் மருந்து இருக்கிறது, மற்றதில் வெறும் களிம்பு. ஒன்றின்மேல் 'வலது' என்றும் மற்றதின்மேல் 'இடது' என்றும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே வெயில். அப்படியிருந்தும் ஒரு கை ஆறி இன்னொரு கை ஆறவில்லை என்றால், அது மருந்தின் வேலைதான் என்று உறுதியாகச் சொல்லலாம். இதை நான் இப்போது விளக்குகிறேன். அப்போது எனக்கு விளங்கியது, மாமாவின் ஒரு கையை ஏமாற்றப் போகிறார்கள் என்பது மட்டும்தான்.

மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எதுல மருந்து கீதுன்னு எனக்கு மட்டும் சொல்லிடுங்க டாக்டரம்மா. யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

"எனக்கே தெரியாதுண்ணா. தெரிஞ்சா நான் அந்தக் கையத்தானே ஆசையா பார்ப்பேன்?"

மாமா நம்பவில்லை. தெரியாமலா ஒரு ஆள் இவ்வளவு தூரம் மலையேறி வருவார் என்று ஜீப் போன பிறகு அத்தையிடம் சொன்னார்.

காலையும் மாலையும் களிம்பு பூச வேண்டும், பூசியதும் நோட்டில் குறிக்க வேண்டும். மாமாவின் கையில் எப்போதும் பால், அத்தையின் கையில் எப்போதும் வடை மாவு. அதனால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி பச்சை மையில், டிக் சிவப்பு மையில். வேளை தவறினால் பஸ் வந்து நின்றாலும் விடமாட்டேன், மாமா பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்து இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அவர் நீட்டுவார், கண் மட்டும் கடையில் இருக்கும்.

மூன்றாவது வாரம் இடது முழங்கை ஆற ஆரம்பித்தது. செதில் உதிர்ந்து, சிவப்பு வெளிறி, கடைசியில் மற்றவர்களின் முழங்கையைப்போலவே ஆகிவிட்டது. வலது அப்படியே இருந்தது. எனக்கு அழுகையே வந்தது. டீ ஆற்றும்போது இடது கை பாய்லருக்குப் பின்னால் கீழே ஒளிந்துகொள்கிற கை. அது ஆறி யாருக்கு என்ன?

மாமா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இடது கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, குவளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். முதல் கிளாஸ் பாதி மேஜையில் போனது. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. அன்றைக்குப் பார்த்துப் பழைய பாசத்தில் கண்டக்டர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாமா உற்சாகமாகக் குவளையைத் தூக்கினார்.

"இன்னாய்யா இது, பீச்சாங்கையில டீ ஆத்திக்கினு?"

"ரெண்டும் என் கைதான்யா," என்றார் மாமா.

கண்டக்டர் கெட்டவர் இல்லை. வண்டி எடுக்க நேரமாகிவிட்டதென்று எதையோ முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். வண்டி எடுக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மாமா அந்த டீயைத் தானே குடித்தார். "சக்கர கம்மி, அதான் போய்ட்டான்," என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியே போனால் கடையை மூடிவிட்டுக் கீழே கரும்பு வெட்டத்தான் போகவேண்டும் என்று அத்தை முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

அன்று மாலை நான் முடிவெடுத்தேன். டாக்டரம்மாவுக்கு டீக்கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது, பாவம், ஸ்டிக்கரைத் தப்பாக ஒட்டிவிட்டார். தப்பைத் திருத்துவதில் என்ன தப்பு? 'இடது' ட்யூப்பைப் பிதுக்கி வலது முழங்கையில் நன்றாகத் தேய்த்தேன். 'வலது' ட்யூப்பை இடதில் பூசினேன். கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆனால் நோட்டில் பொய் எழுத முடியவில்லை. பொய் எழுதினால் எழுதிய கை அழுகிவிடும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். கைகள் படும் பாட்டைத் தினமும் கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது வெறும் மிரட்டலாகப் படவில்லை. ஆகவே மாற்றிப் பூசிய ஒவ்வொரு வேளைக்கும் டிக் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்தேன். ஐந்து முனை, உள்ளே பச்சை மை.

ஒரு மாதத்தில் வரவேண்டிய டாக்டரம்மா, ஜீப் கிடைக்காமல் இரண்டு வாரம் தள்ளி வந்தார். அதற்குள் வலது முழங்கை பளிச்சென்று ஆகியிருந்தது, இடதில் செதில் திரும்பத் தலைகாட்டியிருந்தது. மாமா வலது சட்டையைத் தோள்வரை மடித்துவிட்டு, தேவைக்கு மேலேயே கையைத் தூக்கி டீ ஆற்றினார். கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பெஞ்சில் இடம் போதாமல் சிலர் நின்றுகொண்டே குடித்தார்கள்.

டாக்டரம்மா முழங்கைகளைப் போட்டோ எடுத்தார். வலதில் நல்ல முன்னேற்றம் என்று எழுதினார். பிறகு என் நோட்டைத் திறந்தார்.

"அடேயப்பா, எவ்ளோ சுத்தமா எழுதியிருக்க! இந்த நட்சத்திரம் எதுக்குப் பாப்பா, அழகுக்கா?"

"இல்ல டாக்டர். நட்சத்திரம் போட்ட நாள்லாம் ட்யூப்ப மாத்திப் பூசினேன்," என்றேன், மேடையேறிப் பரிசு வாங்கப் போகிறவளின் குரலில்.

அவருடைய பேனா நின்றது. "விளையாட்டுக்குச் சொல்றியா?" என்று என்னைக் கேட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார்.

மாமா என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். தன் வலது முழங்கையை ஒரு முறை தடவிக்கொண்டார். ஆமாம், புள்ளை விளையாடுது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அப்படியே தொடர்ந்திருக்கும், களிம்பும் வந்துகொண்டிருந்திருக்கும்.

"நான்தான் டாக்டரம்மா மாத்திப் பூசச் சொன்னேன். புள்ளைக்கு இன்னா தெரியும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யோசித்தது நான், பூசியது நான், நட்சத்திரம் போட்டது நான். பாராட்டு வரும் நேரத்தில் நடுவில் புகுந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகிறாரே! நான் பாய்லருக்குப் பின்னால் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா அவரை ஜீப் பக்கம் அழைத்துப்போய் மெதுவாகப் பேசினார். கோபமாகப் பேசியதாகத் தெரியவில்லை. மாமா உள்ளே வந்து இரண்டு ட்யூப்களையும் எடுத்துப்போனார். 'இடது' ட்யூப்பை விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ஜீப் கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இனிமே நீங்க மருந்து பூச வேணாம்ணா."

கோபமெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. இனி மருந்து பூச வேண்டாம் என்று டாக்டர்கள் யாரிடம் சொல்வார்கள்? குணமானவர்களிடம்தானே! "எங்க மாமாவுக்குச் சரியாயிடுச்சு! டாக்டரே சொல்லிட்டாங்க!" என்று கத்திக்கொண்டு பஸ் திரும்பும் இடம் முழுக்க ஓடினேன். கண்டக்டர் விசில் ஊதினார். எதிர்க்கடைக்காரர்கூட வந்து கை கொடுத்தார்.

அத்தை மாமாவைப் பார்த்து, "நெசமாவா?" என்றாள்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே, "புள்ளதான் சொல்லிக்கினு கீதே. கேசரி கிண்டு," என்றார்.

ஆடி பிறப்பதற்குள் இரண்டு முழங்கைகளிலும் செதில் திரும்ப வந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியின் வழக்கமான களிம்பை மாமா பூசினார். இன்றைக்கும் பூசுகிறார். கொஞ்ச நாள் அடங்கும், கொஞ்ச நாள் தலைதூக்கும். ஆனால் முழுக்கைச் சட்டை திரும்ப வரவே இல்லை. கண்டக்டர்தான் அதற்குக் காரணம். "இம்மா நாள் குடிச்சேன், எனக்கு இன்னா ஆயிடுச்சு? ஆத்துய்யா," என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அந்தப் புதுக் களிம்பு மருந்துக் கடைகளுக்கு வந்ததா, எந்தப் பெயரில் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ஜீப் பக்கத்தில் டாக்டரம்மா சொன்னதை மாமா எனக்குச் சொன்னது நான் காலேஜில் சேர்ந்த பிறகுதான். அவர் பார்த்த நோட்டுகளிலேயே சுத்தமானது என்னுடையதாம். ஆராய்ச்சிக்கு உதவாமல் போனதும் அது ஒன்றுதானாம். நட்சத்திரம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், மருந்தில்லாத களிம்புதான் மாமாவைக் குணப்படுத்தியது என்று எழுதியிருப்பார்களாம்.

அன்றைக்கு எனக்கு இது எதுவுமே தெரியாது. மாமா தன் கையாலேயே எனக்குக் கேசரி வைத்தார், முந்திரியெல்லாம் என் தட்டில் விழும்படி. பேரைத் தட்டிக்கொண்டு போனவரை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். "ரொம்ப சந்தோசம்," என்றார் மாமா. தூரத்தில், மலையின் கீழ் வளைவுகளில் ஜீப் அந்த இரண்டு ட்யூப்களுடன் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டுத் தட்டை நீட்டினேன்.