இரண்டாவது கையெழுத்து

தாழ்ப்பாள் அக்காவின் நினைவுக் கூட்டத்தில் தையல்காரர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். முன்னால் போக அவருக்கு முகமில்லை.

அக்காவுக்குப் பிழைப்பு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில். வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறையைப் பதினெட்டு வருஷம் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தாரை வார்த்துவிட்டாள். பிள்ளைகள் விடுதிகளைப் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை. மற்றவர்கள் போனால் பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, சிரித்த முகமாய்த் திரும்புவார்கள். அக்கா நேரே உள்ளே போவாள். குளியலறைக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருந்தாக வேண்டும். படுக்கும் அறைக்கு வெளிப்பக்கம் இருக்கவே கூடாது. அவளைக் கண்டாலே விடுதிக்காரர்கள் திருப்புளியைத் தேடி ஓடுவார்கள். தாழ்ப்பாள் அக்கா என்று பெயர் வைத்ததோ சங்கத்து ஆட்கள்தான். "நல்லவேளை, பூட்டு அக்கான்னு வைக்காம விட்டீங்களே" என்று அவளும் சிரித்துக்கொள்வாள்.

தனியாகப் போனால் பொய்ப் பழி வரும் என்று, இரண்டு பேராகப் போய் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்து விதி. ஆறு வருஷமாக அவளுக்கு ஜோடி தையல்காரர். அளவில் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற ஆள்.

கடைசியாகப் போனது ஒரு பெண் பிள்ளைகள் விடுதிக்கு. வார்டன் ஆளைத் தெரிந்து வைத்திருந்தாள்.

"அண்ணே, எங்க மிஷின் நூலை அறுத்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

தையல் மிஷினைக் கண்டால் மனிதருக்கு உலகமே மறந்துவிடும். அவர் கழற்றி மாட்டி முடிப்பதற்குள் அக்கா மாடிக்குத் தனியாகப் போய் வந்துவிட்டாள். வாசலைத் தாண்டியதும் எழுதி முடித்த அறிக்கையை நீட்டினாள்.

"மூணு ரூமுக்கும் வெளியில புதுசா தாழ்ப்பாள் போட்டிருக்காங்கண்ணே. ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. கையெழுத்துப் போடுங்க."

"நான் பாக்கலையேம்மா. பாக்காததுக்கு எப்படிப் போடுறது?"

"என் கண்ணு போதாதா?"

"இப்ப கேட்டைச் சாத்திட்டாங்க. அடுத்த வாரம் திரும்பி வருவோம். பாத்துட்டுப் போடுறேன்."

நேர்மையாம் நேர்மை! அடுத்த வாரம் வருவதற்குள், ஈரத் துணி மூட்டையைத் தூக்கப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

கூட்டத்துக்குத் தலைமை யார் தெரியுமா? அந்த விடுதியின் முதலாளியேதான். கூச்சநாச்சமே இல்லாமல், "குழந்தைகளின் தாய் போய்விட்டார்" என்று குரல் தழுதழுத்தார். தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தார்.

"அவங்க எழுதின கடைசி அறிக்கை என்னாச்சு?"

செயலாளர் குழைந்தார். "ஒத்தைக் கையெழுத்து செல்லாதே அண்ணே. போட மாட்டேன்னது நீங்கதானே?"

சுருக்கென்றது. ஆனால் அவர் உட்காரவில்லை. அந்தப் பெண் இன்னும் அந்த அறைக்குள்தான் இருக்கிறாள்.

"என் தப்புதான். நாளைக்கே போய்ப் பாத்துட்டுப் போடுறேன். ரெண்டு பேரா போகணும். என்கூட யாரு வர்றீங்க?"

அறுபது பேர் இருந்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் போனைத் தேடினார். இன்னும் சிலருக்குத் தரையில் ஏதோ தெரிந்தது. கடைசியில் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்தபடி பெருமூச்சு விட்டாள்.

"அக்கா நின்ன இடத்துல நிக்க நமக்கெல்லாம் என்ன தகுதி இருக்கு?"

முதலில் கைதட்டியவர் விடுதி முதலாளி. பிறகு கூடம் முழுக்கத் தட்டியது. தையல்காரர் நின்றுகொண்டே பார்த்தார். அவரைத் தவிர ஒருவரும் எழுந்திருக்கவில்லை.