ரெண்டு விரல் மிச்சம்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் "ரெண்டு விரல் அக்கா". பத்தொன்பது வருஷமாகக் குடுவை கழுவுகிறாள், உப்பைக் கரைத்து வடிகட்டிப் படிகமாக்கித் தருகிறாள். கலங்கிப்போன திரவத்தைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, சுத்தமானதை மட்டும் சொட்டுச் சொட்டாகப் பிடித்துத் தருகிறாள். படிக்க வந்தவர்களுக்கு அவள் சொல்லும் ஒரே பாடம், "அடியில ரெண்டு விரல் விட்டுட்டு நிறுத்துங்க. சொட்டு வரைக்கும் வழிச்சு எடுக்க அது ஒண்ணும் பாயசச் சட்டி இல்ல."

அந்த ரெண்டு விரல் அவள் வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்தது. வாயால் அல்ல, வலது கண்ணால். இதே ஆய்வகத்தில் இதே வேலையில் இருந்தவர், ஒருநாள் ஈதர் என்கிற திரவத்தை, அதுவும் பழையதை, காய்ச்சும்போது முழுக்க வற்றவிட்டார். குடுவை வெடித்து ஒரு கண் போயிற்று. அவர் வேலைக்கு அவள் வந்தாள். இன்றைக்கும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்பார்.

"இன்னிக்கு எதையாவது வத்த விட்டியா?"

"உங்க வாயைத் தவிர எல்லாம் வத்திடுச்சு. தள்ளுங்க, கை கால் கழுவணும்."

ஈதர் ஏன் அப்படிச் செய்கிறது என்பதை வகுப்பு வாசலில் துடைப்பத்தோடு நின்று கேட்டிருக்கிறாள். காற்றும் வெளிச்சமும் பட்டு நாள்பட நாள்பட அதில் பெராக்சைடு சேருமாம். அதில் ரெண்டு ஆக்சிஜன் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ரெண்டுமே எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கிற ரகம், விட்டுக்கொடுக்காது. அதனால் பிணைப்புக்குப் பலமில்லை, சூடு பட்டால் முறிந்துவிடும். ஒரே அடுப்படியில் ரெண்டு ஓரகத்திகள், அவ்வளவுதானே என்று அவள் புரிந்துகொண்டாள். ஈதர் ஆவியாகிப் போய்விடும், இந்தச் சனியன் போகாது. அடியிலேயே தங்கித் தங்கிக் கெட்டியாகும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் போன மாதம் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

கல்லூரியைப் பரிசோதிக்க ஆய்வுக்குழு வருகிறது என்று காலையில் சொன்னார்கள், மதியம் வந்துவிடுவார்களாம். அலமாரியில் அறுபது பாட்டில், பாதிக்கு லேபிள் உரிந்து தொங்கியது. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அறுபதையும் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள். பெயர் சரியாகத்தான் எழுதினாள். தேதி மட்டும் எல்லாவற்றுக்கும் அன்றைய தேதி. குழு பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, எல்லாம் புதுசு" என்று போனது. அவளுக்கும் பெருமைதான். பிறகு மறந்துபோனாள்.

இன்று காலை பதினொரு மணிக்கு, கழுவிய குடுவைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். புதிதாகச் சேர்ந்த மேடம் வெந்நீர்த் தொட்டியில் குடுவையை இறக்கிக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அலமாரியில் ஜன்னலோரமாக இருந்த ஈதர் பாட்டில், காலியாக. அதன் லேபிளில் அக்காவின் கையெழுத்து.

"என்ன மேடம் இது?"

"நாளைக்கு செய்முறைத் தேர்வுக்கு சுத்தமான ஈதர் வேணும்ல, அக்கா. நீங்க வர லேட்டாச்சு, நானே ஆரம்பிச்சுட்டேன்."

"பெராக்சைடு இருக்கான்னு பார்த்தீங்களா?"

"போன மாசத்துப் பாட்டில்தானே? நீங்கதான தேதி போட்டிருக்கீங்க!"

அவள் குடுவையைப் பார்த்தாள். அடியில் ஒரு விரல்கூட இல்லை.

சொன்னால் வேலை போகும். வீட்டில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்து இந்தச் சம்பளம்தான். சொல்லாவிட்டால், இருபத்தாறு வயது முகம் ஒன்று அந்தக் குடுவைக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் குனிந்துகொண்டிருக்கிறது.

"மேடம், அது ஆறு வருஷத்துப் பாட்டில். தேதியை நான் பொய்யா எழுதினேன். எதையும் தொடாம வெளிய வாங்க."

"அக்கா, விளையாடாதீங்க..."

"விளையாடற மூஞ்சியா இது? வான்னா வாடி!"

பத்தொன்பது வருஷத்தில் ஒரு மேடத்தை அவள் "வாடி" என்றது அதுதான் முதல் தடவை. மேடம் முகம் வெளுத்து வெளியே வந்தாள். அக்கா தட்டை மெல்லத் தரையில் வைத்துவிட்டு வந்து, நடைக்கூடத்திலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். கதவைச் சாத்தினாள். பக்கத்து வகுப்புகளைக் காலி பண்ணச் சொல்லி மேடத்தை விரட்டினாள்.

சுவிட்சை இறக்கினால் மின்சாரம்தான் நிற்கும், வெந்நீர் உடனே ஆறிவிடாது. கதவுக்கு அந்தப் பக்கம் பீக்கரில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் கழித்து, டொக்.

காலையில் மேடையிலிருந்து எடுத்த பழைய லேபிள் கட்டும் பேனாவும் அவள் இடுப்பில் செருகியபடியே இருந்தன. ஒன்றை உரித்து எழுதினாள்: "ஈதர். ஆறு வருஷம். தேதியை மாற்றியது நான். உள்ளே போகாதீர்கள்." கதவில், கண்மட்டத்தில் ஒட்டினாள். அலமாரியில் இன்னும் ஐம்பத்தொன்பது பாட்டில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு சுவர் மறைவுக்குத் தள்ளிப்போய் உட்கார்ந்து காது கொடுத்தாள்.

சொட்டு நின்றது. தண்ணீர் ஆறிவிட்டாலும் சொட்டு நிற்கும். குடுவை வற்றிவிட்டாலும் நிற்கும்.